ழ, ள, ய: ஓர் ஒலியை மட்டும் மாற்றி, கேட்பவர் ஆளை எப்படி எடைபோடுகிறார் என்று சோதிப்பது எப்படி?

முல்லைக்கொடி (கேள்வி)

எம்.ஏ. மொழியியல் ஆய்வேட்டுக்காகக் கேட்கிறேன். ஒருவர் 'மழை' என்பதை மழ, மள, மய என்று மூன்று விதமாகச் சொல்கிறார். அதைக் கேட்பவர் மனதில் அவருடைய படிப்பு, வேலை, குணம் பற்றிய கணிப்பு எவ்வளவு மாறுகிறது என்று அளக்க வேண்டும். குரல், வேகம், பேசும் விஷயம் எல்லாம் அப்படியே இருக்க, அந்த ஒலி மட்டும் மாற வேண்டும்.

இப்போதைய திட்டம் இது: நாடகப் பயிற்சி உள்ள ஒருவர் ஒரு நாளிதழ்ச் செய்தியை மூன்று உச்சரிப்பிலும் வாசிப்பார். அதை ஒரு கல்லூரி வகுப்பில் 60 பேருக்கு ஒலிபரப்பி 'கற்றறிந்தவர்', 'நம்பகத்தன்மை உடையவர்', 'பண்பாளர்' போன்ற ஆறு குணங்களுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் வாங்குவேன். பிறகு மூன்று சராசரிகளையும் ஒப்பிடுவேன்.

நடித்துக் காட்டுவது சரியா, அல்லது ஒலியை வெட்டி ஒட்ட வேண்டுமா? 60 பேர் போதுமா? குணப் பட்டியல் எப்படி இருக்க வேண்டும்? இந்த வேலையைச் செய்து பழகியவர்கள் சொன்னால் நல்லது.

---

செவிவழி

முதலில் நாளிதழ்ச் செய்தியைத் தூக்கிப் போடுங்கள். மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

தமிழில் வாசிப்பு நடைக்கு ஒரு ழகர நியாயம், பேச்சு நடைக்கு வேறொரு நியாயம். செய்தி வாசிப்பவர் 'தமிளகத்தில் கனமளை' என்றால் கேட்பவர் அதைப் பிழை என்று கேட்கிறார். அதே ஆள் வாசலில் நின்று 'மள வருது, குடய எடுத்துக்க' என்றால் பலருக்கும் காதில் எதுவும் உறுத்தாது. முதலாவதில் கிடைப்பது, பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்த விதியை மீறியதற்கான தண்டனை. இரண்டாவதில் கிடைப்பதுதான் ஆளைப் பற்றிய கணிப்பு. செய்தியை மட்டும் வைத்துச் சோதித்தால் 'ழ வராதவர் படிக்காதவர்' என்ற முடிவு வந்தே தீரும். அதற்கு ஆய்வே தேவையில்லை. நடையையே இரண்டாவது மாறியாக வைத்தால் உங்கள் ஏட்டுக்கு உயிர் வரும்: வாசிப்பு நடையில் ழ, ள, பேச்சு நடையில் ழ, ள, ய. வாசிப்பு நடையில் ய வேண்டாம். 'கனமயை' என்று செய்தி வாசிப்பவர் யாரும் இல்லை. கேட்பவர் அதைக் கேலிக் காட்சி என்றே எடுத்துக்கொள்வார்.

அடுத்தது நடிகர். ஒரே ஆள் இரண்டு வேடத்தில் பேசுவதும், கேட்பவர்கள் இருவரைக் கேட்பதாக நினைத்து மதிப்பெண் போடுவதும் 1960-இல் வாலஸ் லாம்பர்ட்டும் கூட்டாளிகளும் மான்ட்ரியாலில் செய்தது. ஆங்கிலமும் பிரெஞ்சும் சரளமாகப் பேசுபவர்களை இரு மொழியிலும் வாசிக்க வைத்தார்கள். ஆங்கில வேடத்துக்குத்தான் பல குணங்களில் அதிக மதிப்பெண். அதைவிட முக்கியமானது, கேட்டவர்களில் பிரெஞ்சுத் தாய்மொழிக்காரர்களே பிரெஞ்சு வேடத்தைத் தாழ்த்தி மதிப்பிட்டார்கள் என்பது. அங்கே மாறியது முழு மொழி, நடித்தாலும் தாங்கியது. உங்களுக்கு மாறுவது ஓர் ஒலி. நடிகரிடம் 'ய போட்டுச் சொல்லுங்கள்' என்றால் ய மட்டும் வராது. உயிரொலி இழுபடும், குரல் ஏறும், சினிமாவில் கேட்ட மெட்ராஸ் பாஷையின் ராகம் முழுசாக வந்து உட்காரும். பிறகு மதிப்பெண் எதற்கு விழுந்தது என்று யாராலும் பிரிக்க முடியாது.

ஆகவே வெட்டி ஒட்டுவதுதான் வழி. கேத்ரின் கேம்பல்-கிப்லர் ஆங்கிலத்தில் வினையின் கடைசியில் வரும் 'இங்', 'இன்' வேறுபாட்டை இப்படித்தான் சோதித்தார்; 2007-இல் வெளிவந்தது. 8 பேரின் இயல்பான பேச்சை எடுத்து, அந்த ஒலி வரும் இடங்களை மட்டும் மாற்றி, ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு பதிப்பு செய்தார். 'இங்' சொன்ன பதிப்புக்கு 'படித்தவர்' மதிப்பெண் கூடியது. ஆனால் மற்ற கணிப்புகள், பேசுபவர் தெற்கத்திக்காரராகத் தெரிகிறாரா இல்லையா என்பதைப் பொறுத்து மாறின. ஓர் ஒலிக்குத் தனியாக ஒரு நிலையான விலை கிடையாது. கூட வரும் பேச்சோடு சேர்த்துத்தான் அது கேட்கப்படுகிறது. ஒரே ஒரு குரலை வைத்து ஆய்வு செய்யக்கூடாது என்பதற்கும் அதுதான் காரணம். குறைந்தது 4 குரல் வேண்டும், இரு பாலும் இருக்கட்டும்.

பேச்சுத் துண்டுக்கு 'வழி சொல்லுதல்' நல்ல விஷயம். அரசியல் கிடையாது, உணர்ச்சி கிடையாது, ழ தானாக வரும்: 'இந்த வழியா நேராப் போனா பழக்கடை ஒண்ணு வரும், அதுக்குக் கீழ எறங்கினா ஏழாவது வீடு. மழ பேஞ்சா அந்தப் பக்கம் போகாதீங்க, தண்ணி நிக்கும்.' 20 முதல் 25 விநாடிக்குள் ஐந்தாறு ழகரம் போதும். பொழுது, விழுந்தான், எழுந்து போன்ற சொற்களைத் தவிர்த்துவிடுங்கள். பேச்சில் அவை போது, உழுந்தான், எந்திரிச்சு என்று வடிவமே மாறிவிடும். ஒலி மாற்றம் மட்டும் சோதனைக்குள் நிற்காது.

பொருள் மயங்கும் சொற்களிலும் கவனம் வேண்டும். 'பழம்' 'பயம்' ஆனால் கேட்பவர் ஒரு கணம் தடுக்கிக்கொள்வார். அந்தத் தடுக்கலே மதிப்பெண்ணைக் குறைக்கும். ஷிரி லெவ்-ஆரி, போவாஸ் கெய்சர் இருவரும் 2010-இல் காட்டியது இதைத்தான்: வெளிநாட்டு உச்சரிப்பில் சொன்ன பொது அறிவு வாக்கியங்களை, அதே வாக்கியங்களைத் தாய்மொழிக்காரர் சொன்னதைவிடக் குறைவாகவே மக்கள் நம்பினார்கள். சொல்பவர் வேறொருவர் எழுதிக் கொடுத்ததை வாசிக்கிறார் என்று தெரிந்தும் அப்படித்தான். அவர்கள் கொடுத்த விளக்கம், காதில் ஏறச் சிரமப்பட்டதை மனம் 'உண்மை குறைவு' என்று எடுத்துக்கொள்கிறது என்பது. எனவே சோதனைக்கு முன், வேறு பத்துப் பதினைந்து பேரிடம் துண்டுகளைக் கொடுத்துக் கேட்டதை எழுதச் சொல்லுங்கள். பத்தில் ஒருவருக்கு மேல் தவறாக எழுதும் சொல்லை மாற்றிவிடுங்கள். 'பழக்கடை' சூழலால் தப்பிக்கும். தனியாக நிற்கும் 'பழம்' தப்பிக்காது.

குணப் பட்டியலை நீங்களே உட்கார்ந்து எழுத வேண்டாம். 'பண்பாளர்', 'நம்பகத்தன்மை உடையவர்' எல்லாம் மேடைச் சொற்கள். ஒரு குரலைக் கேட்டதும் யாருக்கும் அப்படித் தோன்றாது. முதல் சுற்றில் 15, 20 பேருக்குத் துண்டைப் போட்டு, 'இவர் எப்படிப்பட்ட ஆள்?' என்று மட்டும் கேளுங்கள். 'படிச்சவரு', 'டீச்சர் மாதிரி', 'கொஞ்சம் பந்தா', 'நம்ம ஆளு', 'சிட்டிக்காரரு', 'செட் ஆவாரு' என்று வரும். அவற்றிலிருந்து எட்டு எடுத்து 7 புள்ளி அளவுகோலில் போடுங்கள். மதிப்பு சார்ந்தவை பாதி, நெருக்கம் சார்ந்தவை பாதி இருக்கட்டும். இந்த இரண்டும் எதிரெதிராகப் போவது பல மொழிகளில் பார்த்த விஷயம். ழ சொல்பவர் படிப்பில் ஏறி, நெருக்கத்தில் இறங்கலாம். உங்கள் ஆறு குணமும் மதிப்புப் பக்கமே சாய்ந்திருப்பதால் அது கண்ணில் படாமலே போய்விடும்.

---

அலைக்காடு

வெட்டும் வேலை பற்றி மட்டும்.

பதிவு 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ, வேவ் கோப்பு. வாட்ஸாப் வழியாக அனுப்பி வாங்கிய பதிவை எடுக்கவே கூடாது. சுருக்கும்போது மேல் அலைவரிசை சிதைந்துபோகும். ஒரே ஆளை ஒரே இருக்கையில், மைக்கிலிருந்து ஒரே தூரத்தில் வைத்து, முழுத் துண்டையும் ஒவ்வொரு ஒலியிலும் ஐந்து முறை சொல்லச் சொல்லுங்கள். அதில் வேகமும் சுருதியும் ஒத்துப்போகும் இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒலியை அலசும் பிராட் மென்பொருளில் ஃபார்மன்ட் (வாயறை அதிர்வால் வலுப்படும் அலைவரிசை) உச்சவரம்பை ஆண் குரலுக்கு 5000, பெண் குரலுக்கு 5500 ஹெர்ட்ஸ் என்று வைத்துப் பாருங்கள். ழகரத்தில் மூன்றாவது ஃபார்மன்ட் நன்றாகக் கீழிறங்கி இரண்டாவதை நெருங்கும். ளகரத்தில் அந்த அளவு இறங்காது. காற்று நாவின் பக்கவாட்டில் போவதால் மேல் ஃபார்மன்ட்கள் மங்கும், ஒலியளவு சட்டென்று குறையும். யகரத்தில் இரண்டாவது ஃபார்மன்ட் மேலே ஏறி நிற்கும். பேசுபவர் உண்மையில் மூன்றையும் வேறாகச் சொல்கிறாரா என்று இங்கேயே தெரிந்துவிடும். 'ழ சொல்கிறேன்' என்று நினைத்துக்கொண்டு ள சொல்பவர்கள் ஏராளம்.

பலரும் சறுக்கும் இடம்: மெய்யை மட்டும் கத்தரித்து ஒட்டுவது. நாக்கை மடித்துச் சொல்லும் நாமடி ஒலிகளின் அடையாளம் பெரும்பாலும் அவற்றுக்கு முன்னால் உள்ள உயிரின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. 'மழ' என்பதில் ம-வின் அகரம் முடியும்போதே மூன்றாவது ஃபார்மன்ட் சரியத் தொடங்கிவிடும். மெய்யை மட்டும் மாற்றினால் உயிர் ழ என்கிறது, மெய் ள என்கிறது. கேட்பவருக்கு இரண்டும் இல்லாத ஒரு குளறல் கேட்கும், 'நாக்கு தடிச்சவரா?' என்று எழுதுவார். முன் உயிரின் நடுவிலிருந்து பின் உயிரின் நடுவரை எடுத்து மாற்றுங்கள். வெட்டும் இரு முனையும் அலை பூச்சியத்தைக் கடக்கும் புள்ளியில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 'டிக்' கேட்கும். இரு பக்கத்திலும் சுருதி வேறுபாடு 5 ஹெர்ட்ஸுக்குள் இருந்தால் தையல் தெரியாது.

இன்னொரு விதியும் உண்டு. ள பதிப்பில் மட்டும் ஒட்டுவேலை செய்து, ழ பதிப்பை அசலாகவே விடாதீர்கள். ஒட்டியதன் நெருடலுக்கே மதிப்பெண் குறையும், நீங்கள் அதை ளகரத்தின் தலையில் கட்டுவீர்கள். ழ பதிப்பிலும் அதே ஆளின் வேறொரு ழகரத்தை வெட்டி ஒட்டுங்கள். எல்லாப் பதிப்பும் ஒரே அளவு காயப்பட்டிருக்க வேண்டும். கடைசியில் எல்லாவற்றையும் 70 டெசிபலுக்குச் சமன் செய்யுங்கள்.

'வழி' என்ற சொல்லில் ய பதிப்பு சிரமம். ய-வும் அடுத்து வரும் இ-யும் அலைவரிசையில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால் எல்லைக்கோடே தெரியாது. அகர ஆகாரங்களுக்கு முன்னால் வரும் ழ-வே வசதி: பழக்கடை, மழ, ஏழாவது.

ழ-விலிருந்து ள-வுக்குப் படிப்படியாக 7 படி செய்யலாமே என்று தோன்றும். ஃபார்மன்டை நகர்த்தி அதைச் செய்ய முடியாது, ளகரத்தின் மங்கல் அப்படி வராது. ழ, ய இடையே செய்யலாம், ஓரளவு இயல்பாக இருக்கும்.

---

வடமராட்சி

கேட்பவர் யார் என்பதை இதுவரை யாரும் தொடவில்லை. யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழிலே ழகரம் பெரும்பாலும் ளகரமாத்தான் வரும். பேராசிரியரும் 'மளை பெய்யுது' எண்டுதான் கதைப்பார். அங்கே ள சொல்வதால் ஒருவரின் படிப்பு பற்றி ஒன்றும் தெரியாது. மதுரை, திருநெல்வேலிப் பக்கத்திலும் பேச்சில் ள சாதாரணம். ஆகவே உங்கள் 60 பேரும் ஒரே கல்லூரி வகுப்பு என்றால், நீங்கள் அளப்பது அந்த வகுப்பின் காதை. கேட்பவர் வளர்ந்த ஊர், வீட்டுப் பேச்சில் அவர் சொல்லும் ஒலி இரண்டையும் கட்டாயம் பதிந்துகொள்ளுங்கள். வீட்டுப் பேச்சைக் கேள்வித்தாளில் கேட்டால் எல்லாரும் 'ழ' என்றே எழுதுவார்கள். கடைசியில் ஒரு படத்தைக் காட்டி, பேசவைத்து, ஒப்புதலோடு பதிந்துகொள்வதுதான் வழி.

சாதியை நேரடிக் கேள்வியாக வைக்காதீர்கள், ஆனால் அது இல்லாததுபோல எழுதவும் வேண்டாம். 1964-இல் வந்த கட்டுரையில் வில்லியம் பிரைட்டும் ஏ.கே. ராமானுஜனும் ழகரம் பிராமணப் பேச்சில் தங்கியதையும் மற்றப் பேச்சுகளில் ளகரத்தோடு கலந்ததையும் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். தமிழ்நாட்டுக் கேட்பவர்களில் ஒரு பகுதியினர், பேச்சு நடையிலும் விடாமல் ழ வந்தால் 'ஐயர் வீட்டுப் பேச்சு' என்றும், ய வந்தால் 'வடசென்னை' என்றும் முடிவெடுப்பார்கள். 'கொஞ்சம் பந்தா' என்ற சொல்லுக்குப் பின்னால் சிலசமயம் அதுதான் நிற்கும். முடிவில் 'இவர் எந்தப் பக்கத்து ஆள், எப்படிச் சொல்கிறீர்கள்?' என்று திறந்த கேள்வியாக விடுங்கள். என்ன எழுதுகிறார்களோ அதைத் தரவாக எடுங்கள். குரல் தந்தவர்களிடம், அவர்களுடைய பேச்சு இப்படி எடைபோடப்படும் என்று முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்குங்கள்.

எனக்கு இன்னொரு ஐயம் உண்டு. ழ எல்லாரும் வாய்விட்டுப் பேசும் ஒலி. பள்ளியில் நாப்பயிற்சி வாக்கியங்களே அதைச் சுற்றித்தான். சமூக மொழியியலாளர் லபோவ் இப்படிப்பட்டதைத் தனி வகையாகவே வைத்தார்: ஊரே பெயர் சொல்லிக் கேலி செய்யும் ஒலி ஒன்று, கவனமாகப் பேசும்போது தானாக மாறிக்கொள்ளும் ஒலி வேறொன்று, யாரும் கவனிக்காமலே ஆளைக் காட்டிக்கொடுக்கும் ஒலி இன்னொன்று. ழ முதல் வகை. இரண்டாவது துண்டு முடிவதற்குள் பாதிப் பேர் 'ழகரம் பற்றிய சோதனை' என்று கண்டுபிடித்து, தமிழாசிரியர் எதிர்பார்க்கும் விடையை எழுதிவிடுவார்கள். சொல்லின் முதலில் வரும் சகரம் 'ச்'சாகத் தொடங்குவதா 'ஸ்'ஸாகத் தொடங்குவதா என்பது போன்ற ஒன்றையும் சேர்த்துச் சோதித்தால், வெளியே சொல்லாத கணிப்பு எவ்வளவு என்று ஒப்பிடலாம்.

---

முல்லைக்கொடி

செய்தி வாசிப்பையும் ஒற்றை நடிகரையும் விட்டுவிடுகிறேன். இரண்டு கேள்வி மட்டும். வெவ்வேறு மாவட்டங்களில் ஆள் பிடிக்க இணையம் வழியாகத்தான் முடியும், பெரும்பாலும் கைபேசி ஸ்பீக்கரில் கேட்பார்கள். பரவாயில்லையா? துண்டில் வரும் எல்லா ழகரத்தையும் மாற்ற வேண்டுமா, ஒன்றிரண்டு போதுமா?

---

பகுமுறை

இரண்டாவது கேள்விக்கு முதலில். லபோவ் குழு 2011-இல் வெளியிட்ட சோதனையில், செய்தி வாசிப்பாளராகப் பயிற்சி எடுக்கும் ஒருவர் வாசித்ததாகச் சொல்லி 10 வாக்கியங்களைக் கொடுத்தார்கள். 'இன்' வடிவம் ஒரு பதிப்பில் ஒரு வாக்கியத்திலும் இல்லை, இன்னொன்றில் பத்தில் ஒன்றில், இப்படியே பத்திலும் வரை ஏழு பதிப்பு. மதிப்பெண் சீராகச் சரியவில்லை. முதல் ஒன்றிரண்டு விலகலிலேயே பெரிய சரிவு வந்துவிட்டது, அதன்பின் ஒவ்வொன்றும் சேர்க்கும் இழப்பு குறைந்துகொண்டே போனது. ஆகவே 5 ழகரத்தில் 0, 1, 2, 5 என்று நான்கு அளவு வைத்தால் அதிகம் தெரியவரும். ஆனால் குரல், நடை, அளவு எல்லாவற்றையும் பெருக்கினால் துண்டுகளின் எண்ணிக்கை எகிறிவிடும். எம்.ஏ. ஏட்டுக்கு நடையா அளவா என்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். என் தேர்வு நடைதான். அளவு ஏற்கெனவே ஆங்கிலத்தில் பார்த்தாயிற்று, எழுத்துக்கு ஒரு நடை, பேச்சுக்கு வேறு நடை என்ற இரட்டை வழக்கு அங்கே இந்த வடிவில் இல்லை.

ஒரு கேட்பவர் ஒரு குரலை ஒரே ஒரு பதிப்பில்தான் கேட்க வேண்டும். 4 குரலோடு நான்கு பட்டியல் போட்டு, பதிப்புகளைச் சுழற்றி அடுக்குங்கள். பேச்சு நடையில் ய இருப்பதால் நடை-ஒலிச் சேர்க்கைகள் ஐந்தாகிவிடும், அடுக்கு ஒத்துவராது. ய-வைத் தனியாக இன்னொரு சிறு சோதனையாக எடுத்தால் கணக்கு எளிது. ஒவ்வொரு பட்டியலிலும் சோதனைக் குரல் ஒன்றுக்கு இரண்டு இடைநிரப்புக் குரல் வரட்டும். அவற்றில் ழகரமே வேண்டாம். மொத்தம் 12 துண்டு, ஏறக்குறைய கால் மணி நேரம். அதைத் தாண்டினால் எல்லாருக்கும் 4 போட்டுக்கொண்டே போவார்கள். பட்டியலுக்கு 20 முதல் 25 பேர், ஆக 80 முதல் 100. வகுப்பில் கூட்டாக ஒலிபரப்புவதை விடுங்கள். ஒருவர் சிரித்தால் அறை முழுக்க மதிப்பெண் மாறும்.

மூன்று சராசரியை ஒப்பிடுவது போதாது. ஒரே ஆள் பல மதிப்பெண் தருகிறார், ஒரே குரலுக்குப் பலர் தருகிறார்கள். இவை தனித்தனித் தரவுகள் அல்ல. புள்ளியியலுக்கான ஆர் மொழியில் வரிசை அளவுகோலுக்கான கலப்பு மாதிரியைப் பயன்படுத்துங்கள், கேட்பவர், குரல் இரண்டையும் தற்செயல் விளைவாக (ஆளுக்கு ஆள், குரலுக்குக் குரல் வரும் ஏற்ற இறக்கமாக) சேர்த்து. 4 குரல் என்பதே அதற்குக் குறைச்சல்தான், 6 கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது ஆளுக்கு 18 துண்டு ஆகும், இடைநிரப்பைப் பாதியாக்கிக்கொள்ளலாம்.

புகைப்படம், பெயர், 'இவர் இந்த ஊர்க்காரர்' போன்ற எந்தக் குறிப்பும் காட்டாதீர்கள். 1999-இல் நான்சி நீட்ஜெல்ஸ்கி டெட்ராய்ட்காரர்களுக்கு ஒரே பேச்சைக் கொடுத்து, சிலருக்குத் தாளில் 'கனடா' என்றும் சிலருக்கு 'மிச்சிகன்' என்றும் அச்சிட்டிருந்தார். எந்த உயிரொலி கேட்டது என்பதே அந்தச் சொல்லைப் பொறுத்து மாறியது. 'வடசென்னை' என்று போட்டுவிட்டால் ழ-வும் ய-வாகக் கேட்கக்கூடும். அது தனி ஆய்வு.

கைபேசி ஸ்பீக்கர் உங்கள் ஒலிகளுக்குப் பரவாயில்லை. ழ, ள, ய மூன்றையும் பிரிக்கும் ஃபார்மன்ட்கள் பழைய தொலைபேசி இணைப்பு கடத்தும் 300 முதல் 3400 ஹெர்ட்ஸுக்குள்ளேயே அடங்கிவிடும். அந்தக் குறுகிய வழியே ஆளை எடைபோடப் போதும். ஜான் பா, சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் வாடகை வீடு கேட்டு ஒரே வாக்கியத்தை மூன்று உச்சரிப்பில் தொலைபேசியில் சொன்னார். வெள்ளையர் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளில், கறுப்பின, மெக்சிகோ வழி உச்சரிப்புகளுக்கு வீடு பார்க்க வரச்சொன்னது குறைவு. 1999-இல் வெளிவந்த அதே கட்டுரையில், 'ஹலோ' என்ற ஒற்றைச் சொல்லை வைத்தே கேட்பவர்கள் எந்த வழக்கு என்று 70 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொன்னார்கள். வடமராட்சி சொன்ன சகரத்தைச் சேர்த்தால் மட்டும் ஹெட்ஃபோன் கட்டாயம். 'ஸ்' ஒலியின் சத்து பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதால், தெருச் சத்தத்தில் சின்ன ஸ்பீக்கர் அதை விழுங்கிவிடும்.

ஹெட்ஃபோன் போட்டிருக்கிறார்களா என்று சரிபார்க்க, தொடக்கத்தில் மூன்று தொனி போட்டு எது மிக மெல்லியது என்று கேளுங்கள். உண்மையில் மெல்லியதாக ஒன்று இருக்கும். மற்ற இரண்டில் ஒன்றை இடது, வலது காதுகளில் எதிர்க்கட்டத்தில் (ஒரு காதில் அலை ஏறும்போது மற்றதில் இறங்கும்படி) வையுங்கள். ஸ்பீக்கரில் அது காற்றிலேயே ஒன்றையொன்று அழித்து மெலிந்துவிடும், அதையே தேர்ந்தெடுப்பார்கள். ஆறு முறை கேட்டு, குறைந்தது ஐந்து முறை சரியாக இருந்தால் உள்ளே விடலாம்.

கடைசித் திரையில் 'இந்தச் சோதனை எதைப் பற்றியது என்று நினைக்கிறீர்கள்?' என்று ஒரு வரி கேளுங்கள். ழகரம் என்று எழுதியவர்களை நீக்க வேண்டாம். அவர்களைச் சேர்த்து ஒரு முறையும் சேர்க்காமல் ஒரு முறையும் மாதிரியை ஓட்டி, இரண்டு அட்டவணையையும் ஏட்டில் போடுங்கள்.